கனவுத் தொழிலை விடுவதா, மாற்றுவதா? குடும்பமும் படிப்பும் சேர்ந்து நெருக்கும்போது முடிவெடுக்கும் முறை

ஒரு தொழிலைக் கனவாக வைத்துப் படிக்கத் தொடங்கியவர் பாதி வழியில் நின்று தயங்கும்போது, அவர் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் இரண்டாகத்தான் இருக்கும்: வீட்டுச் சூழல் ஒத்துவரவில்லை என்பது ஒன்று, படிப்பு பிடிபடவில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றின் பின்னால் மற்றொன்று ஒளிந்துகொள்ளக் கூடியவை. தேர்வில் தோற்றுவிடுவோமோ என்ற அச்சத்தில் இருப்பவருக்கு, "வீட்டில் சம்மதிக்கவில்லை" என்று சொல்லி விலகுவது கௌரவமான வழியாகத் தோன்றும். வீட்டுப் பொறுப்புகளுக்கு நடுவே ஒரு மணி நேரம்கூட அமைதியாக உட்கார முடியாதவரோ, "எனக்கு அவ்வளவு மூளை இல்லை" என்று தம்மையே குறைத்துக்கொள்வார். முன்னவருக்கு உண்மையில் தேவைப்படுவது வேறு படிப்பு. பின்னவருக்குத் தேவைப்படுவது நேரம். காரணத்தை மாற்றிக் கணித்தால் இருவருமே தமக்குப் பொருந்தாத முடிவை எடுத்துவிடுவார்கள். ஆகவே விடுவதா வேண்டாமா என்ற கேள்வியைச் சற்று ஒத்திவைத்துவிட்டு, தடை எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவதே சரி.

இரண்டு காரணங்களையும் பிரித்து எழுதுதல்

ஒரு தாளை எடுத்து இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். முதல் கேள்வி: நாளைக் காலையில் குடும்பத்தார் அனைவரும் முழு மனத்தோடு சம்மதித்து, பணத்துக்கும் வழி செய்துவிட்டால், இதே படிப்பில் இதே பாடங்களோடு தொடர விரும்புவேனா? இரண்டாவது கேள்வி: பாடங்கள் எல்லாம் நாளை முதல் தெளிவாகப் புரியத் தொடங்கினால், வீட்டில் உள்ள தடை அப்படியே இருக்குமா, தளருமா? தேர்வு நடக்கும் வாரத்திலும், முடிவு வெளியாகும் நாளிலும், வீட்டில் வாக்குவாதம் நடந்த இரவிலும் இதை எழுத வேண்டாம். எழுதியதை மடித்து வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து முந்தைய விடையைப் பார்க்காமல் மீண்டும் எழுதி, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

முதல் கேள்விக்கு "இல்லை" என்ற விடை இரண்டு முறையும் வந்தால், குடும்பம் சம்மதித்தாலும் நீங்கள் போகப் போவதில்லை. அந்த நிலையில் வீட்டாரோடு போராடுவது வீண். "ஆம், தொடர்வேன்" என்று எழுதிவிட்டு, பாடம் எளிதானாலும் வீட்டுத் தடை அப்படியே இருக்கும் என்றும் எழுதினால், உங்கள் சிக்கல் வீட்டில்தான் இருக்கிறது. பாடம் புரியத் தொடங்கினால் வீட்டுத் தடை தளரும் என்பது மூன்றாவது வகை. நாம் நினைப்பதைவிட இது பரவலானது. "இந்தப் படிப்பு வேண்டாம்" என்று பெற்றோர் சொல்வதற்குப் பின்னால், பிள்ளை தோற்றுத் தோற்று உடைந்துபோவதைப் பார்க்க முடியாத மனமே பல வீடுகளில் இருக்கிறது. அதை அவர்கள் அப்படிச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இரண்டு தடைகளும் உண்மையிலேயே சேர்ந்து இருந்தால், வீட்டுத் தடையை முதலில் கவனியுங்கள். படிக்க நேரமே இல்லாதவருக்குப் படிப்பு வருமா வராதா என்பதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

படிப்பில் எது கடினம் என்று கண்டறிதல்

"படிப்பு கடினமாக இருக்கிறது" என்று சொல்வது, மருத்துவரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்வதைப் போன்றது. எந்த இடத்தில், எப்போது, எதைச் செய்யும்போது என்று சொன்னால்தான் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியும்.

முதலில் அடித்தளத்தைப் பாருங்கள். இயற்பியல் வரவில்லை என்று நினைப்பவருக்குப் பல நேரங்களில் தடையாக இருப்பது இயற்கணிதம். சட்டப் பாடம் புரியவில்லை என்பவருக்கு நீண்ட வாக்கியங்களைப் பிரித்துப் படிக்கும் பயிற்சி இல்லாமல் இருக்கலாம். நீங்கள் தவறவிட்ட வினாக்கள் இருபதை எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்த வரியில் தடுமாறினீர்கள் என்று குறித்தால், தவறுகள் இரண்டு மூன்று இடங்களிலேயே குவிவதைப் பெரும்பாலும் காண்பீர்கள். அந்த இடங்கள் இரண்டு வகுப்புகளுக்கு முந்தைய பாடத்தில் இருந்தால், அங்கேயே போய்ப் படித்துவிட்டு வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கீழ் வகுப்புப் பாடநூலை மீண்டும் கையில் எடுக்கக் கூசி ஒரு தொழிலையே கைவிடுவதுதான் வருந்தத்தக்கது.

அடுத்தது படிக்கும் முறை. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்னும் உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, ஒருமுறை வாசித்துவிட்டு நூலை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். திரும்ப வாசிக்கும்போது "தெரிந்துவிட்டது" என்ற உணர்வு எளிதில் வந்துவிடும். அதை நம்பித் தேர்வுக் கூடத்தில் உட்கார்ந்தவர், விடை வராதபோது தம் முறையைச் சந்தேகிக்காமல் தம் திறமையைச் சந்தேகிக்கிறார். கடினமாக உழைத்தும் மதிப்பெண் வரவில்லை என்பவர்கள் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது இதைத்தான்: வாசிப்பைக் குறைத்து, நூலை மூடி எழுதிப் பார்ப்பதைக் கூட்டுவது, ஒரே நாளில் குவிக்காமல், இடைவெளி விட்டு அதே பகுதிக்குத் திரும்பி வருவது.

உடல்நிலையை ஏனோ நாம் கடைசியில்தான் நினைக்கிறோம். தூக்கக் குறைவு, இரத்தசோகை, பார்வைக் குறைபாடு, கவனம் நிலைக்காத தன்மை, எழுத்துகளை அறிவதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா, மனச்சோர்வு ஆகிய எல்லாமே வெளியே சோம்பலைப் போலவே தெரியும். பல வாரங்களாக எதிலும் ஆர்வமின்றி, விடியும் முன்பே விழித்துக்கொண்டு, படித்தது எதுவும் நிற்காமல் இருந்தால், தொழிலைப் பற்றி முடிவெடுக்கும் முன் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

இவற்றைச் சரிசெய்துவிட்டு ஒரு பருவம் முழுவதையும் சோதனைக் காலமாக வையுங்கள். மதிப்பெண்ணை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமல், ஒரே வகைத் தவறு குறைகிறதா என்று பாருங்கள். குறைகிறது என்றால் படிப்பு வரும். காலம்தான் கூடுதலாகப் பிடிக்கும். எல்லாவற்றையும் செய்தும் அசைவே இல்லை என்றால், அது உங்களுக்குப் பயனுள்ள செய்தி.

இன்னொரு வேறுபாட்டையும் பார்த்தாக வேண்டும். சில பாடங்கள் நுழைவாயிலில் மட்டும் நிற்பவை. உள்ளே போன பின் அவற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்காது. நுழைவுத் தேர்வுக்காகப் படிக்கும் கரிம வேதியியலில் பெரும்பகுதியைத் தினமும் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர் நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. வேறு சில கடினங்கள் வேலையோடு ஒட்டியே வருபவை. நுழைவாயில் கடினத்தைப் பொறுத்துக்கொண்டு கடந்துவிடலாம். வேலையின் கடினம் முப்பது ஆண்டுகள் கூடவே வரும். சார்லஸ் டார்வின் 1825இல் எடின்பரோவில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். அவருடைய தந்தையும் மருத்துவர், தாத்தாவும் மருத்துவர். விரிவுரைகள் அவருக்குச் சலிப்பூட்டின, ஆனால் தீர்மானமாக அமைந்தது அறுவை சிகிச்சை. மயக்க மருந்து வழக்கத்துக்கு வராத அந்நாளில் ஒரு குழந்தைக்கு நடந்த அறுவையைப் பார்க்க முடியாமல் பாதியிலேயே வெளியேறினார்; 1827இல் அந்தப் படிப்பையே விட்டார். சலிப்பான விரிவுரை நுழைவாயில் கடினம். கத்தியையும் குருதியையும் தாங்க முடியாமை அக்காலத்து மருத்துவரின் அன்றாட வேலையிலேயே இருந்த கடினம். உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கடினத்தையும் இந்த இரண்டில் ஒன்றின் கீழ் எழுதிப் பாருங்கள்.

நுழைவுத் தேர்வையோ நிலுவைத் தாள்களையோ மீண்டும் மீண்டும் எழுதுபவர், இன்னும் எத்தனை முறை, எந்த நாள் வரை என்பதை அடுத்த முயற்சி தொடங்கும் முன்பே எழுதி, நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவைக்க வேண்டும். தோல்விக்குப் பிறகு எடுக்கும் முடிவில், இதுவரை செலவழித்தது குறுக்கே வந்து நிற்கும். ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்னும் உளவியலாளர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நாடகங்களுக்கான பருவச் சீட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள், தள்ளுபடியில் பெற்றவர்களைவிடப் பருவத்தின் முற்பகுதியில் அதிக நாடகங்களுக்குச் சென்றார்கள்; நாடகங்கள் இரு சாராருக்கும் ஒன்றேதான். கொடுத்துவிட்ட பணத்துக்காகவே போய் உட்காரும் இந்தப் பழக்கம், மூன்று ஆண்டுகளைக் கொடுத்துவிட்ட மாணவரிடம் இன்னும் வலுவாக இருக்கும். போன ஆண்டுகள் எந்த முடிவாலும் திரும்பப் போவதில்லை என்பதால், இனிச் செலவாகும் ஆண்டுகளை மட்டும் கணக்கில் எடுங்கள்.

குடும்பத்தின் தடையைக் கணக்காக மாற்றுதல்

"குடும்பச் சூழல்" என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால்தான் பேச்சு நகர்வதில்லை. பணம் போதவில்லையா, நோயாளியையோ தம்பி தங்கையரையோ பார்த்துக்கொள்ள ஆள் இல்லையா, அந்தத் தொழில்மீதே வீட்டாருக்கு நம்பிக்கை இல்லையா, அல்லது அவர்கள் உங்களுக்காக வேறொரு தொழிலை முடிவுசெய்துவிட்டார்களா என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பணம் என்றால், மாதத்துக்கு எவ்வளவு குறைகிறது, எந்த மாதம் வரை குறையும் என்ற இரண்டு எண்கள் வேண்டும். "நீ சம்பாதித்தால்தான் வீடு நடக்கும்" என்பதற்கும், "கடன் அடையும் வரை மாதம் இவ்வளவு வேண்டும்" என்பதற்கும் நடுவே ஒரு வாழ்க்கையின் தூரம் இருக்கிறது. முன்னதற்குக் கனவைக் கைவிடுவதைத் தவிர வழி தெரியாது. பின்னதற்குப் பகுதிநேர வேலை, உதவித்தொகை, ஓராண்டு ஒத்திவைப்பு, மாலை நேரப் படிப்பு என்று சில வழிகளாவது தெரியும். ரஷ்ய எழுத்தாளர் ஆன்டன் செகாவ் 1879இல் மாஸ்கோவில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தபோது குடும்பம் வறுமையில் இருந்தது. அவர் இதழ்களுக்கு நகைச்சுவைத் துணுக்குகளும் சிறுகதைகளும் எழுதி வீட்டையும் தாங்கி, 1884இல் படிப்பையும் முடித்தார். எல்லோராலும் இரட்டைச் சுமையைத் தாங்க முடியும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வீட்டுக்குத் தேவைப்பட்ட வருமானம் படிப்பை நிறுத்தாமலே வரக்கூடிய அளவில் இருந்ததா என்பதை அவர் கண்டறிந்தார். நீங்களும் அதைத்தான் கண்டறிய வேண்டும்.

பராமரிப்புப் பொறுப்பு என்றால், வாரத்தில் எத்தனை மணி நேரம், எந்தெந்த நேரம் என்று எழுதி, வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே பெயருக்கு நேரே எல்லா மணிகளும் குவிந்திருப்பதைத் தாளில் பார்க்கும் வரை பல வீடுகள் அதைக் கவனித்திருப்பதே இல்லை. அந்தப் பெயர் பெரும்பாலும் ஒரு பெண்ணுடையது என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

நம்பிக்கையின்மைதான் தடை என்றால், வாதாடுவதை நிறுத்திவிட்டு அவர்களுடைய ஆட்சேபங்களை அவர்கள் சொல்லிலேயே எழுதி வாங்குங்கள். டார்வினின் வாழ்க்கையில் இதற்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1831இல் உலகைச் சுற்றும் ஆய்வுப் பயணத்துக்காகப் பீகிள் கப்பலில் செல்லும் வாய்ப்பு வந்தபோது தந்தை மறுத்தார். ஆனால் அறிவுள்ள ஒருவராவது இதைச் சரியென்று சொன்னால் சம்மதிப்பதாகவும் கூறினார். டார்வின் தந்தையின் ஆட்சேபங்களை வரிசையாக எழுதித் தம் மாமா ஜோசையா வெட்ஜ்வுட்டிடம் கொடுத்தார். அவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விடை எழுதி அனுப்ப, தந்தை மனம் மாறினார். பெற்றோர் மதிக்கும் ஒருவரைப் பேச வைப்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த உத்திதான். ஆட்சேபங்களை எண்ணிட்டு எழுதிக் கொடுப்பதைத்தான் நாம் செய்வதில்லை. எழுதிவிட்டால் "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது நான்கைந்து கேள்விகளாகப் பிரியும், அவற்றுள் இரண்டுக்காவது விடை கையில் இருக்கும்.

முழுச் சம்மதம் கேட்பதைவிடக் காலவரையறை கேட்பது எளிது. ஜெர்மன் இசைக் கலைஞர் இராபர்ட் ஷூமனைச் சட்டம் படிக்க வைத்த தாய், 1830இல் மகன் இசைக்கு மாற விரும்பியபோது, மகனின் பியானோ ஆசிரியர் ஃபிரெட்ரிக் வீக்கிடம் கடிதம் எழுதிக் கருத்துக் கேட்டு, அதன் பிறகே இசைந்தார். "இந்த நாள் வரை பாருங்கள், இந்த நிலையை எட்டாவிட்டால் நானே மாறிக்கொள்கிறேன்" என்று சொல்பவரை மறுப்பது பெற்றோருக்கும் கடினம்; அந்த நிலை என்ன என்பதை நீங்கள் இருவருமே மதிக்கும் மூன்றாமவர் சொல்வது இன்னும் நல்லது. ஷூமனின் கை சில ஆண்டுகளில் பழுதாகி, பியானோ கலைஞர் ஆகும் எண்ணத்தை அவர் விட வேண்டியதாயிற்று; இசையமைப்பாளராகத்தான் அவரை இன்று அறிகிறோம்.

கடைசி வகை, வீட்டார் முடிவுசெய்த தொழில். ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966இல் இளையோரின் அடையாள உருவாக்கத்தைப் பற்றி எழுதியபோது, எதையும் ஆராய்ந்து பார்க்காமலே பெற்றோரின் தேர்வைத் தன் தேர்வாக ஏற்றுக்கொள்ளும் நிலையைத் தனியாக வகுத்துக் காட்டினார். வீட்டார் சொல்வதை ஏற்பது குற்றமில்லை. ஆராயாமல் ஏற்பதுதான் பின்னாளில் கசக்கிறது. எனவே அவர்கள் சொல்லும் தொழிலையும் உங்கள் கனவைச் சோதிக்கும் அதே கேள்விகளால் சோதியுங்கள். மிரட்டல், அடி, வீட்டில் பூட்டி வைத்தல், சான்றிதழ்களைப் பறித்தல் ஆகியவை நடக்கும் இடத்தில் இந்த உத்திகள் எதுவும் பொருந்தாது. அங்கே முதலில் தேவைப்படுவது வெளியிலிருந்து வரும் பாதுகாப்பு.

தொழிலின் பெயரையும் அதற்குள் இருக்கும் வேலையையும் பிரித்தல்

மாறுவது என்று முடிவானால், எதை விடாமல் மாறுவது என்பதே அடுத்த கேள்வி. லிண்டா காட்ஃபிரெட்சன் என்ற உளவியலாளர் 1981இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, தொழில் தேர்வில் விட்டுக்கொடுக்க நேரும்போது மக்கள் முதலில் தம் ஆர்வத்தையும், பிறகு சமூக மதிப்பையும், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஆண் தொழில், பெண் தொழில் என்ற பாகுபாட்டையும் விடுகிறார்கள். இந்த வரிசை எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது என்று பின்வந்தவர்கள் வாதிட்டதுண்டு. ஆனாலும் மருத்துவம் கிடைக்காதவர், மருத்துவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத, ஆனால் அதே அளவு பெருமையுள்ள வேறொரு படிப்புக்குத் தாவுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது.

கனவைச் செயல்களாக உடைத்து எழுதுங்கள். மருத்துவராக விரும்பியவருக்கு உண்மையில் பிடித்தது நோயாளியோடு பேசுவதா, உடலின் இயக்கத்தை அறிவதா, கையால் நுட்பமான வேலை செய்வதா, அவசர நேரத்தில் பொறுப்பேற்பதா? முதலாவது பிடித்தவர் செவிலியராகவோ இயன்முறை மருத்துவராகவோ நிறைவு காணலாம், இரண்டாவது பிடித்தவருக்கு ஆய்வகமும் உடலியங்கியலும் இருக்கின்றன. விமானியாக முடியாதவருக்கு விமானப் பராமரிப்புப் பொறியியலும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாடும் உண்டு. வெள்ளைக் கோட்டும் பெயருக்கு முன்னால் வரும் பட்டமுமே பிடித்திருந்தன என்று தெரியவந்தாலும், அதை உங்களிடம் மட்டுமாவது ஒப்புக்கொள்ளுங்கள்; தேடல் பாதியாகக் குறையும்.

புதிய தொழிலில் ஐந்தாறு ஆண்டுகள் கழித்த இருவரிடமாவது பேசுங்கள். வெற்றிக் கதையைக் கேட்காமல், நேற்று காலை முதல் மாலை வரை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

விலகும் முன் செய்ய வேண்டியவை

வகுப்புக்குப் போகாமல் நின்றுவிடுவது மிக மோசமான விலகல் முறை. பல கல்வி நிறுவனங்களில் அனுமதி பெற்ற இடைநிறுத்தத்துக்கும் தாமாக நின்றுவிடுவதற்கும் விதிகள் வேறுபடும். முன்னதில் திரும்பி வரும் உரிமை இருக்கக்கூடும், பின்னதில் அது பறிபோகலாம். முடித்த பாடங்களுக்கான மதிப்பெண் பட்டியலைப் பெற்றுக்கொள்ளுங்கள்; வேறு படிப்பில் அவை கணக்கில் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள். கல்விக் கடன் இருந்தால், படிப்பை நிறுத்தியதும் தவணை எப்போது தொடங்கும் என்பதை முதலில் விசாரியுங்கள். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒத்திவைப்பவர்கள், அந்தத் தொழிலுக்கு வயது வரம்போ உடல்தகுதி வரம்போ உண்டா என்று பார்த்துவிட வேண்டும். வரம்பு இருந்தால் ஒத்திவைப்பும் ஒருவகையில் கைவிடலே.

விட்ட பிறகு

கனவை விட்டவருக்கு வரும் துயரத்தை யாரும் துக்கமாக ஏற்பதில்லை. எதுவும் சாகவில்லை, யாரும் பிரியவில்லை, ஆகவே "நல்லதுக்குத்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். பிறரால் அங்கீகரிக்கப்படாத இத்தகைய இழப்புகளைப் பற்றித் துக்கத்தை ஆராயும் அறிஞர் கென்னத் டோக்கா 1989இல் விரிவாக எழுதினார். சில மாதங்கள் மனம் கனத்திருப்பது இயல்பு என்று தெரிந்திருந்தால், அந்தக் கனத்தையே தவறான முடிவுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் மட்டும், அன்றே ஒருவரிடம் சொல்லி மருத்துவ உதவியை நாடுங்கள்.

எட்ட முடியாத இலக்கிலிருந்து விலகும் ஆற்றலையும் புதிய இலக்கைப் பற்றும் ஆற்றலையும் உளவியலாளர் கார்ஸ்டன் ராஷும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் தனித்தனியே அளந்தார்கள். இரண்டுமே நல்ல மனநிலையோடு தொடர்புடையனவாக இருந்தன. விட்டுவிட்டு வெறுமையாக உட்கார்ந்திருப்பவர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார். அடுத்த இலக்கு பெரிதாக இருக்க வேண்டியதில்லை, மூன்று மாதச் சான்றிதழ்ப் படிப்பும் போதும்.

குடும்பத்துக்காக விட்டவர்களுக்கு ஒரு கூடுதல் ஏற்பாடு வேண்டும். விட்டுக்கொடுத்தது என்ன, அதற்குப் பதிலாக வீடு உங்களுக்கு எப்போது எந்த வகையில் துணை நிற்கும் என்பதை, தம்பியின் படிப்பு முடிந்ததும் உங்கள் படிப்புக்கு வழிவிடுவது போன்ற ஒன்றை, அப்போதே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். பேசாமல் தியாகம் செய்பவர் பத்தாண்டுகள் கழித்து எல்லோரிடமும் அதற்கான விலையைக் கேட்கிறார். வாங்கியதே தெரியாத குடும்பம் திகைத்து நிற்கிறது.

நேர்காணலில் படிப்பை ஏன் மாற்றினீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். இரண்டு வாக்கியங்களில் விடையைத் தயாராக வைத்திருங்கள்: முதல் வாக்கியம் என்ன நடந்தது என்பதை மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லாமல் சொல்லட்டும், இரண்டாவது, அந்த ஆண்டுகளில் கற்றது இந்த வேலைக்கு எங்கே பயன்படும் என்பதைச் சொல்லட்டும். வீட்டுக் கஷ்டத்தை விவரிக்க வேண்டாம், பழைய கல்லூரியைக் குறை சொல்லவும் வேண்டாம். உறவினர்கள் கேட்டால் முதல் வாக்கியமே போதும்.